குண்டடி பட்ட ப்ளேன் எப்படித் தெரியணும்? கேள்வி பதில்

கம்ப்யூட்டர்ல சண்டை விமானம் ஓட்டற நம்ம டெல்லி சிம் (சிமுலேட்டர் கேம்) கோஷ்டில குவிஞ்சு கிடக்கற கேள்விக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில் சொல்லிடறேன். விஷயம் ஒண்ணுதான், அடிபட்ட ப்ளேன் திரையில எப்படித் தெரியுது, எப்படித் தெரியணும். ரேடார் பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அது வேற நாள்.

முனிர்கா தம்பி: அண்ணா, பழைய ஐஎல்-2ல யாரு சுட்டாலும் றெக்கையில அதே இடத்துல அதே ஓட்டை, இப்ப வர்ற கேம்ல சுட்ட இடத்துலயே விழுது. எப்படி?

2001ல வந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக்ல ஒவ்வொரு பாகத்துக்கும் டி0, டி1, டி2ன்னு முன்னாடியே செஞ்சு வச்ச மாடல் இருக்கும், நம்பர் ஏற ஏற சேதம் அதிகம். றெக்கை இவ்ளோ அடி வாங்கிச்சுன்னா டி0வை எடுத்துட்டு டி1ஐ மாட்டிடும், அவ்ளோதான், அதனால ஓட்டை எங்க இருக்கணும்னு ஆர்ட்டிஸ்ட் எப்பவோ முடிவு பண்ணிட்டாரு, உன் குண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அதுவே பெரிய விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன். இப்ப குண்டு பட்ட புள்ளியைக் கணக்குப் போட்டு அங்க ஒரு டெக்காலை, அதாவது ஸ்டிக்கர் மாதிரி ஒரு படத்தை, ஒட்டறாங்க, இல்லன்னா ஒரு மாஸ்க் டெக்ஸ்சர்ல (டெக்ஸ்சர்னா மாடல் மேல போர்த்தற படம், மாஸ்க்னா எங்க அடின்னு குறிச்சு வைக்கறது) அந்த இடத்தை வரைஞ்சு, ஷேடர்ங்கற வரையற ப்ரோக்ராம் அங்க பெயின்ட்டை உரிச்சு வெறும் அலுமினியத்தைக் காட்டுது, ஓட்டையை வெட்டி உள்ள இருக்கற ரிப்பையும் (விலா எலும்பு மாதிரி சட்டம்) காட்டுது.

அதே தம்பி: அப்ப இடது றெக்கையில சுட்டா வலதுலயும் ஓட்டை விழுற கூத்து?

மெமரி மிச்சம் பிடிக்க ரெண்டு றெக்கைக்கும் ஒரே டெக்ஸ்சரைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. ஒண்ணுல வரைஞ்சா ரெண்டுலயும் தெரியும். ரெண்டு றெக்கைக்கும் டெக்ஸ்சர்ல தனித்தனி இடம் கிடைக்கற மாதிரி மாடலைத் திரும்ப பிரிச்சாதான் சரியாகும்.

மயூர் விஹார் ஜி: வெள்ளைப் புகை, கருப்புப் புகை, இதெல்லாம் சும்மா அழகுக்கா, அர்த்தம் இருக்கா?

ஜி, என்னைக் கேட்டா ஓட்டையை விட இதுதான் முக்கியம். ஒரு கேம்ல டேமேஜ் எஃபெக்ட் நல்லா இருக்குன்னு நான் சொல்றதே புகையைப் பாத்து எது போச்சுன்னு சொல்ல முடியுதான்னு பாத்துதான். ரெண்டாம் உலகப் போர் ப்ளேனையே எடுத்துக்கோங்க, பிரிட்டனோட ஸ்பிட்ஃபயர்ல இருக்கற மெர்லின், ஜெர்மனியோட மெஸ்ஸர்ஷ்மிட் 109ல இருக்கற டெய்ம்லர்-பென்ஸ் ரெண்டும் தண்ணியும் க்ளைக்கால்ங்கற திரவமும் கலந்த கூலன்ட்ல (என்ஜினைக் குளிர வைக்கறது) ஓடற என்ஜின், ரேடியேட்டர்ல ஒரு குண்டு பட்டாலே வெள்ளையா ஆவி கோடு போடும், கொஞ்ச நேரத்துல என்ஜின் சூடேறி நின்னுடும், அதனால வெள்ளைக் கோடு பாத்துட்டீங்கன்னா துரத்தாம அடுத்தவனைப் பாக்கலாம். பெட்ரோல் ஒழுகினா அதுவும் வெளுப்புதான், ஆனா மெலிசா மூடுபனி மாதிரி, பெரும்பாலும் டேங்க் இருக்கற இடத்துலேருந்து வரும். ஆயில்னா கருப்பு, கண்ணாடியெல்லாம் பூசிக்கும். நெருப்புன்னா கெட்டியான கரும்புகை, அடியில ஆரஞ்சு. இப்ப அமெரிக்காவோட பி-47லயும் ஜெர்மனியோட ஃபோக்கவுல்ஃப் 190 ஏ மாடல்லயும் இருக்கறது காத்துல குளிரற ரேடியல் என்ஜின், கூலன்ட்டே கிடையாது, அது என்ஜின்லேருந்து வெள்ளை ஆவி விட்டா அந்த டெவலப்பர் காப்பி பேஸ்ட் பண்ணிருக்காருன்னு தெரிஞ்சுக்கலாம்.

ஆர்.கே.புரம் சார்: பிரிட்டனோட ஹரிக்கேன் ஃபைட்டர் எவ்வளவு சுட்டும் விழ மாட்டேங்குது. பயாஸா, கேம் பண்ணவங்க பாரபட்சமா?

பயாஸ் இல்ல சார். ஒரு ஞாயித்துக்கிழமை பாலம் விமானப்படை மியூசியத்துக்குப் போங்க, ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் ரெண்டுமே அங்க இருக்கு. ஹரிக்கேனோட பின்பக்க உடம்பைக் கிட்ட போய்ப் பாருங்க, அது தகடு இல்ல, துணி. உள்ள இரும்புக் குழாய் கூடு, மேல மரச்சட்டம், அதுக்கு மேல லினன் துணி. பாரம் தாங்கறது குழாய், துணி வெறும் போர்வை, நம்ம ஊர் கல்யாண ஷாமியானாவை ஈட்டியால குத்தின மாதிரி குண்டு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும், 20 மில்லிமீட்டர் ஷெல்லு கூட சில சமயம் வெடிக்காமலே கடந்து போயிருக்கு. ஸ்பிட்ஃபயர்ல தகடே பாரம் தாங்குது, தகடு கிழிஞ்சா பலமும் போச்சு. அதனால ரெண்டுக்கும் ஒரே ஓட்டை டெக்ஸ்சர் போடறதே தப்பு, துணி காத்துல கிழிஞ்சு பறக்கணும், தகடு இதழ் விரிச்ச மாதிரி மடங்கணும், உள்ள போன பக்கம் உள்பக்கமா, வெளிய வந்த பக்கம் வெளிப்பக்கமா. சாய்வா பட்டா வட்ட ஓட்டையே வராது, நீளமா ஒரு கீறல்தான். ஆனா ஹரிக்கேன் பைலட்டுக்கு முன்னாடியும் பெட்ரோல் டேங்க் இருக்கு, அங்க சுடுங்க.

கரோல் பாக் நண்பர்: 30 எம்எம் பீரங்கி ஷெல் ஒண்ணு பட்டா றெக்கையே போகுது, ஓவரா இல்ல?

ஜெர்மன்காரனோட 30 எம்எம் பீரங்கி எம்கே 108, அதோட ஷெல்லுல சுவர் மெலிசு, வெடிமருந்து ஜாஸ்தி, சில்லு தெறிச்சு அடிக்கறதை விட உள்ள போய் வெடிச்சு அழுத்தத்துல தகட்டை ஊதி உடைக்கறதுதான் வேலை. அதனால ரிவெட் வரிசையோட பிச்சுக்கிட்டு பெரிய பாளம் போறது நியாயம்தான். ஸ்பிட்ஃபயரோட 7.7 மில்லிமீட்டர் ப்ரௌனிங் மெஷின் கன்ல அதே மாதிரி நடந்தாதான் ஓவர்.

அவரே: சுட்ட உடனே நெருப்புப் பந்தா வெடிக்கற கேம் பிடிக்குது எனக்கு!

பிடிக்கட்டும். நிஜ கன் கேமரா (சுடும்போது படம் பிடிக்க ப்ளேன்ல வச்ச கேமரா) படத்துல பெரும்பாலும் பாக்கறது சின்னச் சின்ன மின்னல், துண்டு பறக்கறது, புகை, அவ்ளோதான். அந்த மின்னல் கூட எல்லா குண்டுக்கும் வராது, இன்செண்டியரி குண்டோ (தீ வைக்கற வகை) வெடிக்கற ஷெல்லோ பட்டாதான். பிரிட்டன்காரன் டி வைல்டுன்னு ஒரு வகை வச்சிருந்தான், பட்ட இடத்துல பளிச்சுன்னு தெரியும், குறி சரியா இருக்குன்னு பைலட்டுக்கு அதுவே சேதி. கேம்ல எல்லாக் குண்டும் பளிச்சிட்டா அந்தச் சேதி போச்சு.

த்வாரகா தம்பி: அண்ணா, வால் பாதி போயும் பறக்குது, இது பக்தானே, கேமோட பிழைதானே?

பக்னு அவசரமா எழுதாத. 1943 பிப்ரவரி 1ல துனீசியாவுக்கு மேல ஆல் அமெரிக்கன்னு பேர் வச்ச பி-17 குண்டுவீச்சு விமானத்துல ஒரு 109 மோதி, உடம்பு வால் பக்கம் ஏறக்குறைய அறுந்து போச்சு, இடது வால்றெக்கை காணாமப் போச்சு, அப்படியும் தளத்துக்குத் திரும்பி இறங்கிச்சு. 1983ல இஸ்ரேல்ல ஒரு எஃப்-15 வானத்துல மோதி வலது றெக்கை கிட்டத்தட்ட முழுசா போயும் இறங்கிருக்கு. கேட்க வேண்டியது வேற கேள்வி, அந்த நிலைமையில நீ ஸ்டிக்கை இழுத்து 6 ஜி (சாதாரண எடையைப் போல ஆறு மடங்கு பாரம்) போட்டும் உடையலயான்னு. றெக்கையோட பாரத்தை ஸ்பார், அதாவது றெக்கைக்குள்ள நீளமா ஓடற முக்கிய சட்டம், தாங்குது, அது பாதி அறுந்திருந்தா நேரா பறக்கற வரைக்கும் சரி, இழுத்தா முறியணும். முறியலன்னா அப்ப எழுது பக் ரிப்போர்ட்.

நொய்டா ஜி: நான் சுட்ட ஓட்டை என் ஸ்க்ரீன்ல ஒரு இடம், நண்பன் ஸ்க்ரீன்ல வேற இடம்?

பல கேம்ல நெட்டுல போறது எந்த பாகம் எவ்ளோ சேதம்ங்கற கணக்கு மட்டும்தான், ஒவ்வொரு ஓட்டையோட இடத்தையும் அனுப்பினா டேட்டா தாங்காது. படம் அவங்கவங்க மெஷின்ல வரையறது, சண்டை போடாதீங்க.

லக்ஷ்மி நகர் தங்கச்சி: அண்ணா, எரியற ப்ளேன் பின்னாடி போனா எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம்ங்கறது) செத்துடுது, நேரு ப்ளேஸ்ல போய் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிடவா?

இரும்மா, காசை வச்சிரு. புகைங்கறது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின அரை ட்ரான்ஸ்பரன்ட் படம், அதுக்குள்ள நீ நுழைஞ்சா திரை முழுக்க ஒவ்வொரு பிக்சலையும் ஜிபியு (கார்டுல இருக்கற சிப்) திரும்பத் திரும்ப வரையுது, விஆர் கண்ணாடி போட்டு ஆடினா ரெண்டு கண்ணுக்கும். ஸ்மோக், மேகம் ரெண்டையும் ஒரு படி குறை, ரெசல்யூஷனைக் கொஞ்சம் இறக்கு. டேமேஜ் டெக்ஸ்சரைக் குறைச்சு பெருசா லாபம் இல்ல, மெமரி பத்தாதப்ப மட்டும் தொடு. அதோட சும்மா பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போகாத, நிஜத்துலயும் சிதறின துண்டு பட்டு விழுந்தவன் உண்டு.

முனிர்கா தம்பி, மறுபடி: நானே டேமேஜ் டெக்ஸ்சர் வரையறேன், தூரத்துல பாத்தா ஓட்டையெல்லாம் மினுக்குதுண்ணா.

மிப்மேப் (தூரத்துல காட்ட வச்சிருக்கற சின்ன சைஸ் நகல்) இல்லாம சேவ் பண்ணிருக்க. டிடிஎஸ்ங்கற டெக்ஸ்சர் கோப்பா சேவ் பண்ணும்போது அந்த டிக்கைப் போடு. மிப்மேப் போட்டதும் சின்ன ஓட்டை தூரத்துல மறைஞ்சே போச்சுன்னா ஆல்ஃபா கட்ஆஃப்பை (எவ்ளோ ட்ரான்ஸ்பரன்ட்டா இருந்தா ஓட்டையா வெட்டணும்ங்கற அளவு) கொஞ்சம் மாத்திப் பாரு, அப்புறம் கோப்பை அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.