கேஎல்ல வேலை பார்த்துக்கிட்டே டிஎன்பிஎஸ்சி, ரயில்வே எக்ஸாமுக்கு பொது அறிவு எப்படிப் படிக்கறது?

கேள்வி கேட்ட தம்பி சொல்லியிருக்கறது இதுதான்: கோலாலம்பூர்ல சாப்பாட்டுக் கடையில வேலை, பெர்மிட் முடிஞ்சதும் ஊருக்குப் போய் குரூப் 4ம் ரயில்வேயும் எழுதணும், தினமும் நூறு நூறா ஒன்லைனர் (ஒரே வரியில கேள்வியும் விடையும்) படிக்கிறார், ஆனா மாதிரித் தேர்வு எழுதினா ஜிகேல, அதாவது பொது அறிவுல, பாதி கூட வரமாட்டேங்குது.

தம்பி, நீங்க படிக்கறது குறைச்சல் இல்ல. அந்த ஒன்லைனர் பிடிஎஃப்தான் பிரச்சனை. நான் கல்யாணத்துக்கு முன்னாடி மதுரைல ஒரு கோச்சிங் சென்டர்ல வரலாறும் பாலிட்டியும் (அரசியலமைப்பு) எடுத்துக்கிட்டிருந்தேன், இப்ப கேஎல் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கோம், இங்க மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடையிலயும் செந்தூல் பக்கம் சாப்பாட்டுக் கடையிலயும் வேலை பாக்குற பசங்க கொஞ்ச பேருக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன்லயே கேள்வி நடத்துறேன். அதனால உங்க நெலம தெரியும், ராத்திரி கடைய சாத்தி தரையக் கழுவி விட்டுட்டு ரூமுக்கு வர்றப்பவே பன்னெண்டு ஆயிடும், ஓவர்டைம் இருந்தா இன்னும் லேட், அதுக்கப்பறம் முப்பது நிமிஷம் கெடச்சாலே பெரிசு. அந்த முப்பது நிமிஷத்துல நூறு வரி ஓட்டினா மறுநாள் அஞ்சு கூட நிக்காது. அதே நேரத்துல மூணே மூணு கேள்விய எடுத்துக்கிட்டு அதக் கடைசி வரைக்கும் தோண்டினா பன்னெண்டு விஷயம் நிக்கும். எப்படின்னு சொல்றேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு ஆப்ஷன் இருக்கு. சரியான விடையக் கண்டுபிடிச்சதும் பக்கத்தத் திருப்பிடறீங்க இல்ல, அங்கதான் நிறுத்தணும். மிச்சம் மூணு தப்பான ஆப்ஷன் இருக்கே, அது எந்தக் கேள்விக்குச் சரியான விடையா வரும்னு நீங்களே கேள்வி உண்டாக்கணும். ரூம்ல நாலு பேர் இருந்தா இன்னும் நல்லது, ஆளுக்கு ஒரு ஆப்ஷன்.

உதாரணத்துக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். "இந்திய தேசிய ராணுவத்தை முதலில் உருவாக்கியவர் யார்?" ஏ சுபாஷ் சந்திர போஸ், பி ராஷ் பிஹாரி போஸ், சி மோகன் சிங், டி ஷா நவாஸ் கான். முக்காவாசிப் பேர் கண்ண மூடிக்கிட்டு ஏ போட்ருவாங்க. விடை மோகன் சிங். இந்த இடத்துல நின்னு மத்தவங்களப் பாருங்க. மோகன் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல கேப்டன், 1941 டிசம்பர்ல ஜப்பான் மலாயாவுக்குள்ள எறங்கினப்ப அவர் இருந்த பட்டாலியன் கெடாவுல ஜித்ராங்கற இடத்துல தோத்துச்சு, அவர் ஜப்பான்காரங்க கையில மாட்டினார், அதுக்கப்பறம்தான் போர்க்கைதிகளா இருந்த இந்திய சிப்பாய்ங்கள வெச்சு 1942ல முதல் ஐஎன்ஏ உருவாச்சு. ராஷ் பிஹாரி போஸ் யாரு? 1912ல டெல்லி சாந்தினி சௌக்ல வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல குண்டு வீசின சதியில பேர் அடிபட்டவர், ஜப்பானுக்குத் தப்பிப் போனவர், இந்திய சுதந்திரச் சங்கத்த நடத்தினவர், 1943 ஜூலைல சிங்கப்பூர்ல தலைமைய சுபாஷ் கையில குடுத்தவர். சுபாஷ் 1943 அக்டோபர் 21 அன்னிக்கு அதே சிங்கப்பூர்ல ஆசாத் ஹிந்த் தற்காலிக அரச அறிவிச்சார். ஷா நவாஸ் கான்? 1945 செங்கோட்டை விசாரணையில பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லானோட நிறுத்தப்பட்டவர், பின்னால 1956ல நேதாஜி மரணத்த விசாரிச்ச கமிட்டிக்கும் தலைவர் அவரேதான். ஒரு கேள்வி எங்க வரைக்கும் போயிருக்கு பாத்தீங்களா. ஜான்சி ராணி படைப்பிரிவுக்கு லட்சுமி சுவாமிநாதன் தலைமைங்கறதையும் இதோட சேத்துக்கோங்க, அந்தப் படையில சேந்தவங்கள்ல நெறைய பேர் இங்க மலாயா ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவின தமிழ்ப் பொண்ணுங்க. எனக்கு இதச் சொல்றப்பல்லாம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், நாம பஸ்ல போற ரோட்டோரத் தோட்டத்துல இருந்து போனவங்க அவங்க.

இதுலயே ரெண்டாவது விஷயமும் வந்துருச்சு. வெளிநாட்ல இருக்கறோம், அதனால இந்தியா ஜிகே நமக்கு தூரம்னு நெனைக்காதீங்க. நீங்க இருக்கற ஊர் பாடப்புத்தகத்துக்குள்ளயே இருக்கு. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான், வருஷம் 1025னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. கடாரம்னா இங்க இருக்கற கெடா. பினாங்குல உங்க கூட்டாளி யாராவது இருந்தா லீவு நாள்ல மெர்போக் பக்கம் லெம்பா புஜாங் போயிட்டு வரச் சொல்லுங்க, பழைய கோயில் அடித்தளங்கள எடுத்து வெச்சு ஒரு மியூசியமே இருக்கு. கடாரத்த ஜெயிச்ச சேதி தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல இருக்கு. அதுக்கு முன்னாடி ராஜராஜன் காலத்துல சோழருக்கும் கடாரத்துக்கும் நல்ல உறவு, நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம் கட்டினது கடாரத்து அரசர், அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்த ராஜராஜன் குடுத்தார், அந்தச் செப்பேடுதான் லெய்டன் செப்பேடுன்னு பரிட்சைல வர்றது. அப்பா காலத்துல உறவு, மகன் காலத்துல படையெடுப்புன்னு கதையா வெச்சுக்கிட்டா பொருத்துக கேள்வியில மாறிப் போகாது.

முதல் உலகத் தமிழ் மாநாடு எங்க நடந்துச்சு? கோலாலம்பூர், 1966. அத முன்னெடுத்த தனிநாயகம் அடிகள் அப்போ மலாயா பல்கலைக்கழகத்துல இந்தியவியல் துறையில இருந்தார். ரெண்டாவது 1968 சென்னை, மூணாவது 1970 பாரிஸ், நாலாவது 1974 யாழ்ப்பாணம், அஞ்சாவது 1981 மதுரை, ஆறாவது 1987 திரும்ப கோலாலம்பூர். 2010 கோயம்புத்தூர்ல நடந்தது செம்மொழி மாநாடு, அது இந்த வரிசையில சேராது, கேள்வி போடறவங்க அங்கதான் கை வைப்பாங்க.

இப்ப புவியியல். ஊருக்கு போன் பண்றப்ப ரெண்டரை மணி நேரம் கழிச்சுக்கிறோம் இல்ல, அது ஏன்னு ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாருங்க, அப்பறம் தீர்க்கரேகை கேள்வி வாழ்க்கையில தப்பாகாது. பூமி ஒரு டிகிரி சுத்த 4 நிமிஷம். இந்தியத் திட்ட நேரத்துக்கான தீர்க்கக்கோடு 82½ டிகிரி கிழக்கு, மிர்சாபூர் வழியாப் போறது. 82½ பெருக்கல் 4, 330 நிமிஷம், அதாவது கிரீன்விச்ச விட அஞ்சரை மணி முன்னாடி. மலேசியா நேரம் 8 மணி முன்னாடி, 480 நிமிஷம், 4ஆல வகுத்தா 120 டிகிரி கிழக்கு. வித்தியாசம் 37½ டிகிரி, 150 நிமிஷம், ரெண்டரை மணி நேரம். ஆனா கேஎல் இருக்கறது ஏறக்குறைய 102 டிகிரியில, 120 டிகிரி கோடு மலேசியா நிலத்த எங்கயும் தொடறதே இல்ல. அதனாலதான் இங்க காலைல ஏழு மணிக்கும் இருட்டா இருக்கு. கிழக்கு மலேசியாவுல இருக்கற சபா, சரவாக்கோட ஒரே நேரமா இருக்கணும்னு 1982 தொடக்கத்துல இருந்து தீபகற்பத்துக் கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளினாங்க. காலைல கடையத் தொறக்கப் போறப்ப வானத்தப் பாத்தா இந்தக் கணக்கு ஞாபகம் வரும். இந்தியாவுல கிழக்குக் கடைசிக்கும் மேற்குக் கடைசிக்கும் சுமார் 30 டிகிரி, அப்ப சூரிய உதயத்துல எவ்வளவு வித்தியாசம்? இத நீங்களே போடுங்க.

பாலிட்டிதான் நெறைய பேர் பயப்படறது. சரத்து எண்ணத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, அது யாருக்கு என்ன அதிகாரம் குடுக்குதுன்னு சேத்துப் படிங்க. 32 உச்ச நீதிமன்றம் நீதிப்பேராணை போடறது, அடிப்படை உரிமைக்கு மட்டும். 226 உயர் நீதிமன்றம் போடறது, அடிப்படை உரிமைக்கும் போடலாம், மத்த சட்ட உரிமைக்கும் போடலாம், அதனால அந்த விதத்துல 226 வீச்சு பெருசு. 143 ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்துகிட்ட கருத்து கேக்கறது. ஆட்கொணர்வுல ஆரம்பிச்சு அஞ்சு பேராணையும் பேரோட தெரிஞ்சிருக்கணும், ஒவ்வொண்ணும் யாருக்கு எதிரா எப்பப் போடறதுங்கறதும் தெரியணும்.

பட்டியல் கேள்விக்கு இங்க இருக்கறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. இந்தியாவுல மத்திய, மாநில, பொதுப் பட்டியல் ஏழாவது அட்டவணையில இருக்கு. மலேசிய அரசியலமைப்புலயும் இதே மாதிரி மூணு பட்டியல் உண்டு, ஆனா அது ஒம்பதாவது அட்டவணை. நம்ம ஒம்பதாவது அட்டவணை 1951ல முதல் திருத்தத்துல நிலச் சீர்திருத்தச் சட்டங்களக் காப்பாத்த வந்தது. நிலம் ரெண்டு நாட்லயும் மாநிலத்து விஷயம். கல்வி இங்க கூட்டரசு (மத்திய அரசு) கையில, நம்ம ஊர்ல 1976ல 42வது திருத்தத்துல மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்குப் போச்சு, காடுகள், எடை அளவு, வனவிலங்கு பறவை பாதுகாப்பு, நீதி நிர்வாகம் இதுங்களும் கூடவே போச்சு. ஊர்ல நீட் பத்தி யாராவது பேசினா இந்த 1976 கட்டாயம் வரும், அப்பப்ப காதுல விழற விஷயந்தான்.

நடப்பு நிகழ்வுக்கு ஓவரா நேரம் போடாதீங்க. ஒரு செய்தி வந்தா அதுக்குப் பின்னாடி இருக்கற நிலையான விஷயத்தப் புடிங்க. நிதிக்குழுன்னு செய்தி வந்தா சரத்து 280, பதினாறாவது நிதிக்குழுத் தலைவர் அரவிந்த் பனகாரியா, பதினஞ்சாவது என்.கே. சிங். ஜிஎஸ்டின்னா 101வது திருத்தம், சரத்து 279ஏ, அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரெனத் தோக்கடிச்சு செஸ் உலக சாம்பியன் ஆனார்னா, இந்தியாவுல இருந்து முன்னாடி உலக சாம்பியன் யாருங்கற கேள்வி பின்னாடியே வரும், ஆனந்த். சந்திரயான் 3 எறங்கினது 2023 ஆகஸ்ட் 23, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

எத வெச்சுப் படிக்கறதுன்னா, குரூப் 4க்கு ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்நாடு சமச்சீர் புத்தகம், அவ்வளவுதான், இலவசமா பிடிஎஃப் கெடைக்குது, போன்ல ஏத்தி வெச்சுக்கோங்க. ரயில்வேக்கு அதோட என்சிஇஆர்டி அறிவியலும் கொஞ்சம். அப்பறம் பழைய வினாத்தாள், டிஎன்பிஎஸ்சி தளத்துலயே விடைக்குறிப்போட இருக்கு. பாடத்திட்டம் அப்பப்ப மாத்தறாங்க, அதனால யாரோ ஃபார்வேர்ட் பண்ணினத நம்பாம தளத்துல இருக்கற இப்போதைய பாடத்திட்டத்த எறக்கி செவுத்துல ஒட்டிக்கோங்க. குரூப் 4ல 200 கேள்வில 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழ்ல 40 சதவீதம் வரலன்னா மிச்சத்தத் திருத்தவே மாட்டாங்க, அதனால ஜிகே ஜிகேன்னு தமிழ விட்றாதீங்க. ரயில்வேயோட என்டிபிசி தேர்வு முதல் கட்டத்துல 100க்கு 40 பொது அறிவு, தமிழ்லயே எழுதலாம்.

ரெண்டு பரிட்சைக்கும் விடை போடற பழக்கம் வேற வேற. ரயில்வேல தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போயிடும், ரெண்டு ஆப்ஷன் தப்புன்னு தைரியமா அடிக்க முடிஞ்சா மட்டும் போடுங்க. டிஎன்பிஎஸ்சில தப்புக்கு மார்க் கழிக்கறதில்ல, ஆனா எந்தக் கேள்வியையும் வட்டம் நிரப்பாம விடக் கூடாது, விடை தெரியலன்னு சொல்லவே அஞ்சாவதா ஈ இருக்கு, இருந்தாலும் ஒரு ஆப்ஷனாவது தப்புன்னு தெரிஞ்சா மிச்சத்துல ஒண்ணப் போட்றது மேல். ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வு எழுதறப்ப ஓஎம்ஆர் தாள் பிரிண்ட் எடுத்து கருப்புப் பேனாவுல நிரப்பிப் பழகுங்க, போன்ல தட்டித் தட்டிப் பழகினவங்க ஹால்ல நேரம் பத்தாம அவஸ்தைப்படறத நான் பாத்திருக்கேன்.

ஒரு மாசத்துக்கு ஒரு பாடம் போதும், நாலையும் ஒண்ணாத் தூக்காதீங்க. தப்பாப் போட்ட கேள்விய மட்டும் ஒரு சின்ன நோட்டுல எழுதுங்க, விடைய எழுத வேணாம், ஏன் அந்தத் தப்பான ஆப்ஷன் கண்ண மறச்சுதுன்னு ஒரு வரி எழுதுங்க. எல்ஆர்டி ரயில்ல போறப்ப அந்த நோட்டு மட்டும் போதும், வேற எதுவும் வேணாம்.

இன்னொண்ணு, இது படிப்பு இல்ல ஆனா படிப்ப விட அவசரம். விண்ணப்பம் இங்க இருந்தே ஆன்லைன்ல போட்டுக்கலாம், ஆனா குரூப் 4 சென்டர் தமிழ்நாட்லதான், அதனால தேதி வந்ததும் முதலாளிகிட்ட லீவு பேசிட்டு டிக்கெட் போடுங்க. ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில படிச்சிருந்தா 20 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, அதுக்கான சான்றிதழ் நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல வாங்கணும், ரெண்டு மூணு ஸ்கூல் மாறிப் படிச்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா வாங்கணும். அடுத்து ஊருக்குப் போற லீவுலயே அத முடிச்சிருங்க, கடைசி நேரத்துல இங்க இருந்துக்கிட்டு அம்மாவ ஸ்கூலுக்கு அலைய விட வேண்டாம்.