தும்மலில் பிறந்த மெட்டு

கேள்வி: உளவாளிப் பாட்டு என்றால் ஜேம்ஸ் பாண்ட் மெட்டுதான் என்கிறேன் நான். பிளஸ் டூ படிக்கும் என் மகனோ, ஒரு வீடியோ கேமில் ஏணி ஏறும்போது வரும் பாட்டுக்கு முன்னால் அதெல்லாம் தூசு என்கிறான். இந்தக் குளிரில், ஜலதோஷத்தோடு, ராத்திரி பதினோரு மணி வரை இதே வாக்குவாதம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ஜலதோஷம் என்று எழுதினீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கொண்டாடும் பாண்ட் மெட்டு பிறந்ததே ஒரு தும்மலில்தான்.

வி.எஸ்.நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்', டிரினிடாடில் குடியேறிய இந்தியக் குடும்பத்தின் கதை. பிஸ்வாஸ் பிறந்தவுடனே, இந்தப் பிள்ளையின் தும்மல் ஆகாத தும்மல் என்று பண்டிதர் சொல்லிவிடுகிறார். அந்த நாவலை இசை நாடகமாக்க லண்டன்காரர் மான்டி நார்மன் மெட்டுகள் போட்டார். 'இந்தப் பாழாய்ப்போன தும்மலோடு பிறந்தேனே' என்று பாடுவதாக அதில் ஒரு பாட்டு. சிதாருக்கென்றே வளைந்த மெட்டு. நாடகம் மேடை ஏறவில்லை. 1962-ல் முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசை கேட்டபோது, நார்மன் மேசை இழுப்பறையிலிருந்து அதே மெட்டை எடுத்தார். ஜான் பாரி அதற்கு டிரம்பெட்டும் டிரோம்போனும் ஏற்றிப் புது உருவம் கொடுத்தார்.

நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். பாண்ட் என்கிற இந்த மனிதர் அறுபது வருஷமாகத் தும்மல் சகுனத்தோடேயே கிளம்பி, உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வருகிறார். அவரை ஒரு டிசம்பரில் உங்கள் ஊருக்கு அனுப்பிப் பாருங்கள். கொடநாடு காட்சிமுனையில், மூடுபனிக்குள், கோட் காலரைத் தூக்கிவிட்டு ஒளிந்து நிற்பார். அச்சூ! டீக்கடைக்காரர் ஓடி வந்து, "என்ன சார், சளியா? இத கொஞ்சம் நெத்தியில தேச்சுக்குங்க" என்று நீலகிரித் தைலப் பாட்டிலை நீட்டுவார். மரியாதைக்கு வாங்கித் தேய்த்துக்கொள்வார். தீர்ந்தது கதை. அதன் பிறகு அவர் குன்னூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் பதுங்கினாலும், தேயிலைக்குள் படுத்துக் கிடந்தாலும், எதிரிக்குத் துப்பாக்கியே தேவையில்லை, மூக்கு போதும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இந்த மெட்டு நார்மனுடையதா, பாரியுடையதா என்று பல வருஷம் இழுத்தது. பாரிதான் போட்டார் என்று எழுதிய பத்திரிகை மீது நார்மன் வழக்குப் போட்டு, 2001-ல் லண்டன் நீதிமன்றத்தில் வென்று, 30,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். இரண்டு பேருக்கும் பேர் கிடைத்தது. ஆனால் உங்களுக்குள் மயிர்க்கூச்செறிய வைக்கிற அந்தக் கிடாரை வாசித்தவர் விக் ஃப்ளிக். 1939-ல் செய்த பழைய கிடாரில், தந்தியை ஓங்கி அடித்து வாசித்தார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்தில் நான் விடாமல் கேட்கும் கேள்வி இது, இனியும் கேட்பேன். 1966-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' என்ற துப்பறியும் படத்தில், 'பளிங்கினால் ஒரு மாளிகை' கேட்டிருப்பீர்கள். இசையமைத்த வேதாவைத் தெரியும், பாடிய எல்.ஆர்.ஈஸ்வரியைத் தெரியும். அதில் வாத்தியம் வாசித்தவர்கள் யார் யார்? பழைய இசைத்தட்டுகள் பாடியவரோடும் இசையமைத்தவரோடும் நிறுத்திக்கொண்டன. அது அநியாயம்.

அந்தப் பாட்டையே கவனியுங்கள். படம் முழுக்க ஓடி உழைப்பவர் ஜெய்சங்கர், நெஞ்சில் நிற்கும் பாட்டு ஈஸ்வரிக்கு. பாண்ட் படத்திலும் இதே கதைதான். 1964-ல் ஷெர்லி பாஸி தொண்டை கிழியப் பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' வில்லனைப் பற்றிய பாட்டு. இந்த வழக்கத்தை உடைத்தது நம் 'விக்ரம்'. 1986-ல் இளையராஜா இசையில் கமல் தன் பாத்திரத்தின் பெயரைத் தானே முழங்கினார். ஒளிந்து திரிய வேண்டிய ஆள் தன் பெயரை ஊர் கேட்கக் கத்துகிறார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அந்தப் பாட்டு உயிர்.

இப்போது உங்கள் மகன். அவர் சொல்வது 2004-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்' என்றே நினைக்கிறேன். நோரிஹிகோ ஹிபினோ இசை, சிந்தியா ஹாரல் குரல். தொடக்கத்தில் முழு வாத்தியக் குழுவோடு அசல் பாண்ட் பாணியிலேயே வரும். பிறகு வெகுநேரம் கழித்து, ஒரு கிழட்டுத் துப்பாக்கி வீரனோடு மோதி முடித்து, சுரங்கத்துக்குள் போனால் ஓர் ஏணி. மேலே மலை. எதிரி இல்லை, குண்டு இல்லை. கல்லாறில் பல்சக்கரம் பிடித்த ஊட்டி மலை ரயில் மாதிரி, படி படியாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் ஏறுவது நின்றுவிடும். பாதி வழியில் எந்த வாத்தியமும் இல்லாமல் அந்தப் பெண் குரல் மட்டும் எழும்.

தீர்ப்பு இதுதான். மெட்டில் நீங்கள் ஜெயித்தீர்கள். விக் ஃப்ளிக்கின் கிடாருக்கு ஈடு இல்லை. பாட்டில் உங்கள் மகன் ஜெயித்தார். படத்தில் பாண்ட் பாட்டு ஓடும்போது உளவாளிக்கு வேலை இல்லை, எழுத்துகள் ஓடுகின்றன, நாம் முறுக்கு தின்கிறோம். அந்த ஏணியில் வேலை செய்வது கேட்பவரின் கை. அடுத்த சண்டைக்கு முன் கன்ட்ரோலரை வாங்கி நீங்களே ஒருமுறை ஏறுங்கள்.

ஆனால் அந்தப் பாட்டின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஒரு நாள் மழையில் நடப்பாய், ஒரு நாள் மரத்தவளையைத் தின்பாய் என்று அதில் ஒரு வரி வருகிறது. கேமிலும் பாம்பு, தவளை பிடித்துத் தின்றால்தான் தெம்பு. கேமில் என்ன வேண்டுமானாலும் தின்னட்டும். தென்மேற்கு மழை இறங்கியதும் உங்கள் ஊர் லாங்வுட் சோலைக்கு மகனைக் கூட்டிப் போய், புதர்த்தவளைகள் கத்துவதைக் காட்டுங்கள். சோலை போனால் அதுவும் போகும். பிளஸ் டூ பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.