வாசகர் கேள்வி: யானைக்கு ஒரு கூட்டம், சிறுத்தைக்கு?

கேள்வி: தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் என் மகள், ஆங்கிலத்தில் சிங்கக் கூட்டத்துக்கும் ஓநாய்க் கூட்டத்துக்கும் வெவ்வேறு பெயர்கள் இருக்கையில் தமிழில் எல்லாவற்றையும் 'கூட்டம்' என்றே சொல்வது ஏன் என்று கேட்டாள். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கள் மகளின் கேள்வி அருமையானது. ஆங்கிலத்தின் அப்பெயர்களில் பல, 1486இல் அச்சான ஒரு வேட்டை நூலின் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே அவை வேட்டையாடும் கனவான்களின் கலைச்சொற்களாக விளங்கின. தமிழ் தன் நுணுக்கத்தை வேறிடத்தில் செலவிட்டது. தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தந்து, புலிக்கும் பன்றிக்கும் முயலுக்கும் குருளை என்றும், யானைக்குக் குழவி என்றும் வரையறுக்கிறது. ஆண் யானை களிறு, பெண் யானை பிடி என்பதை மகளுக்கு அவசியம் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டப் பெயர்களும் நம்மிடம் இல்லாமலில்லை. பசுக்களுக்கு நிரை, ஆடுகளுக்கு மந்தை, நம்மூர் வழக்கில் மாட்டுப்பட்டி. காட்டு விலங்குகளுக்கு, மான் கூட்டம், யானைக் கூட்டம் என்பதே இயல்பு. வறட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி, கரையில் புல் தளிர்க்கும்போது, மூத்த பிடிகள் வழிநடத்தும் குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து, கன்றுகளைக் கால்களுக்கிடையே மறைத்தபடி மேய்வதைக் கண்டவர்களுக்கு அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். யாலவின் சிறுத்தையோ பெரும்பாலும் தனித்தே திரிவதால், அதற்குக் கூட்டப் பெயர் தேவைப்படுவதே அரிது.