9 வோல்ட் வைத்தியம்: கேள்வி பதில்

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டிலேயே செய்துகொள்ளும் 'அதிர்வெண் சிகிச்சை'க் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

555 ஐசி (துடிப்பு அலை உண்டாக்கும் சிறு சிப்), 9 வோல்ட் பேட்டரி, பிடித்துக்கொள்ள இரண்டு செம்புக் குழாய். 30 கிலோஹெர்ட்ஸில் கிருமிகள் சாகுமாமே? செய்து பார்க்கலாமா?

சர்க்யூட் நன்றாகவே ஓடும். கிருமிதான் சாகாது. நீங்கள் சொல்வது ஹல்டா கிளார்க் என்ற மாற்று மருத்துவக்காரர் 1990களில் பரப்பிய 'ஸாப்பர்'. எல்லாப் புற்றுநோய்க்கும் ஓர் ஒட்டுண்ணிப் புழுதான் காரணம் என்றவர் அவர். 2009இல் அவர் இறந்தது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயால்.

இன்னொன்று. இதன் அலை பூஜ்யத்துக்கும் 9 வோல்ட்டுக்கும் நடுவே மட்டும் ஏறி இறங்கும், எதிர்ப்பக்கம் போகாது. அதனால் மின்சாரம் எப்போதும் ஒரே திசையில்தான் பாயும். நெடுநேரம் பிடித்திருந்தால் வியர்வையின் உப்பில் மின்பகுப்பு நடந்து தோல் புண்ணாகும். 'நச்சு வெளியேறுகிறது' என்று சிலர் காட்டும் சிவப்பு அதுவாகவே இருக்கலாம்.

சரியான சுருதியில் கண்ணாடிக் கோப்பை உடைகிறதே, கிருமி உடையாதா?

ராயல் ரைஃப் என்ற அமெரிக்கர் 1930களில் சொன்ன வாதத்தின் சாரம் இதுதான். கோப்பை காற்றில் நிற்கிறது, சுண்டினால் ரீங்கரிக்கும். அதையே தண்ணீருக்குள் முக்கிச் சுண்டிப் பாருங்கள், 'டொக்' என்று அடங்கிவிடும். பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரோமீட்டர் சொச்சம். அந்த அளவில் தண்ணீரே தேன் மாதிரி கெட்டியாகிவிடும். அதிர்வு சேர்ந்து வலுப்பதற்குள் கரைந்துபோகும். அப்படியே உடைந்தாலும், பக்கத்தில் இருக்கும் நம் செல்லும் அதே மாதிரிச் சவ்வுக்குள் நீர் நிறைந்த பைதானே?

ஆஸ்பத்திரியிலும் காந்தக் காயில் வைக்கிறார்களே, அண்ணா?

வைக்கிறார்கள். ஒட்டாத எலும்பு முறிவுக்குத் துடிப்பு மின்காந்தக் கருவியை அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1979இலேயே அனுமதித்தது. மனச்சோர்வு நோய்க்குத் தலைமேல் வைக்கும் காந்தத் தூண்டலுக்கு 2008இல் அனுமதி வந்தது. அந்தக் காயிலில் காந்தப்புலம் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும், அதுவும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் எழுந்து அடங்கும். நீங்கள் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் 100 சுற்றுச் சுற்றி 1 ஆம்பியர் விட்டால், நடுவில் கிடைப்பது சுமார் 1.3 மில்லிடெஸ்லா (டெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிடெஸ்லா). ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 'காயில்' என்ற பெயர்தான் ஒன்று.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. அடாப்டர் போடலாமா?

கூடாது. மட்டமான அடாப்டரில் இன்சுலேஷன் போனால் வீட்டு மின்சாரம் நேராகக் குழாய்க்கு வரும். இரண்டு கையிலும் பிடித்திருப்பதால் பாதை நெஞ்சு வழியாகத்தான். அப்புறம் ஒருவர் மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி பிளாஸ்மா குழாய் (வாயு நிரப்பி மின்சாரத்தால் ஒளிரவைக்கும் கண்ணாடிக் குழாய்) செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தார். ஐயா, அது 2,000 வோல்ட் சமாச்சாரம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அடுப்பில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். தொடவே வேண்டாம்.

பூமியின் அதிர்வெண் 7.83 ஹெர்ட்ஸ், அதைப் போட்டுத் தூங்கினால்?

ஷூமான் ஒத்ததிர்வு, அதாவது மின்னல்களால் பூமிக்கும் மேல் வளிமண்டலத்துக்கும் நடுவே எழும் மின்காந்த அதிர்வு, உண்மைதான், 1952இல் கணித்தார்கள். அதன் காந்தப்புலம் பிகோடெஸ்லா (டெஸ்லாவில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவு, அதாவது பூமியின் சாதாரணக் காந்தப்புலத்தில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தூக்கம் வந்தால் விளக்கை அணைத்ததால் வந்திருக்கும்.

என் அத்தைக்கு மூட்டுவலி நிஜமாகவே குறைந்தது. பொய்யா சொல்கிறார்?

இல்லவே இல்லை. வலி ஏறி இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் யாரும் புதிதாக ஒன்றைத் தொடுவார்கள், அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான். சோதிக்க வழி இருக்கிறது. அவருக்கும் உங்களுக்கும் தெரியாமல் வேறொருவர் தினமும் காசு சுண்டி, கருவியை நிஜமாகவோ வெறுமனேயோ இணைக்கட்டும். இரண்டு வாரம் வலியைப் பத்துக்கு எத்தனை என்று எழுதிவையுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்?

பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

செய்து முடித்துவிட்டேனே, இனி என்ன செய்வது?

குழாய்களைக் கழற்றிவிடுங்கள். கெப்பாசிட்டரை 100 மடங்கு பெரிதாக மாற்றினால் 30 கிலோஹெர்ட்ஸ் 300 ஹெர்ட்ஸாகும். சின்ன ஸ்பீக்கரில் கொடுத்தால் 'கீய்ங்' என்று கத்தும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.