மெக்கானிக்கல் படித்தவர் கண் திசு ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியாவின் விறைப்பை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைத் தொட்டதே இல்லை. சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். கண்ணின் உடற்கூறியலை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். உங்களைத் திணற வைக்கப்போவது, நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கும் இழுவைச் சோதனைதான்.

எஃகுத் துண்டை இழுத்தால், இழுவிசைக்கும் நீட்சிக்குமான வரைகோடு தொடக்கத்தில் நேர்கோடாக ஏறும். கார்னியா அப்படியல்ல. முதலில் துவண்டு கொடுக்கும், நெளிந்திருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் நிமிர்ந்ததும் சட்டென்று விறைக்கும். இழுக்கும் வேகத்தை மாற்றினால் விடையும் மாறும். இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை தண்ணீர். உயிருள்ள கண்ணில் எண்டோதீலியம் என்ற உள்ளடுக்குச் செல்கள் கார்னியாவிலிருந்து நீரை ஓயாமல் வெளியேற்றுகின்றன. இறந்தபின் அது நின்றுபோகும், திசு ஊதத் தொடங்கும். மனிதக் கார்னியாவின் நடுப்பகுதியே சுமார் 0.54 மி.மீ. தடிமன்தான். அது ஊதினால் நீங்கள் கணக்கிடும் தகைவு, அதாவது விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்த அளவு, என்னாவது? வெறும் உப்புக்கரைசலில் போட்டு வைத்தால் இன்னும் ஊதும் என்பதால் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருள் கலந்த கரைசலைப் பயன்படுத்துவார்கள். விறைப்பின் அளவான யங் குணகத்துக்கு ஒரு கட்டுரை கிலோபாஸ்கலிலும் இன்னொன்று மெகாபாஸ்கலிலும் விடை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைந்த கார்னியாவைப் பட்டையாக வெட்டி நேராக்குவதே அதைச் சிதைப்பதுதான், இழைகளும் அறுபடும். எனவே கண்ணின் வடிவத்தைக் கெடுக்காமல் உள்ளே அழுத்தம் கொடுத்து அளக்கும் ஊதல் சோதனையே என் தேர்வு. கண்ணின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம், அதாவது சுமார் 1.3 முதல் 2.8 கிலோபாஸ்கல். உங்கள் கல்லூரி லேபில் உலோகத்தை இழுத்துப் பார்த்த யூ.டி.எம். இயந்திரம் இங்கே உதவாது.

சேரும் முன் ஆய்வகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: கண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் இறைச்சிக்கூடத்துப் பன்றிக் கண்கள்தான். முடி நீக்கப் பன்றியை வெந்நீரில் முக்குவதற்கு முன்பே எடுத்தவையா என்று விசாரியுங்கள், வெந்த கார்னியாவை அளந்து பயனில்லை. மனிதத் திசு என்றால், மாற்று அறுவைக்கு உதவாத தானக் கண்களைத் தர ஒரு கண் வங்கியோடு உடன்பாடும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் முதல் வருடம் காத்திருப்பிலேயே போகலாம்.

அப்புறம், அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மாதிரிகள் தேறுகின்றன என்பதை வழிகாட்டியை விட அவர் சரியாகச் சொல்வார். சேர்வதற்குள் பைத்தானும், ரப்பர் போன்ற மீமீள் பொருள்களுக்கான ஃபைனைட் எலிமென்ட் கணக்கும் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) கொஞ்சம் பழகிவிடுங்கள்.