மண்ணெண்ணெயும் வெங்காயமும்: வாசிகசாலையில் கேட்டவை

எங்கள் ஊர் வாசிகசாலையில் போன ஞாயிறு பின்னேரம் ஒரு கேள்வி பதில் வைத்தோம். உலகம் வசதியாகிக்கொண்டு போக, சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் தேவை கூடுகிறது. அது யாழ்ப்பாணத்து அடுப்பை எப்படித் தொடுகிறது என்பதுதான் பேச்சு. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

சேர், சனத்தொகை கூடினதுதானே விலை ஏறக் காரணம்? (உயர்தர மாணவி)

1960இல் உலகத்தில் 300 கோடிப் பேர். 2022 நவம்பரில் 800 கோடி. ஆனால் தானிய விளைச்சல் அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது, பிள்ளை. தலையை எண்ணினால் போதாது, தட்டைப் பார்க்க வேண்டும். கையில் காசு வந்தவன் இன்னும் இரண்டு கோப்பை சோறு சாப்பிடமாட்டான். முட்டை, கோழி, பால் என்று போவான். ஒரு கிலோ கோழி வளர ஏறக்குறைய இரண்டு கிலோ தீன் வேண்டும், மாட்டுக்கு அதைவிடப் பல மடங்கு. ஒரு காலத்தில் தன் சோயாவைத் தானே விளைவித்துச் சமாளித்த சீனா, இப்போது வருடத்துக்குச் சுமார் 10 கோடி தொன் இறக்குகிறது. உலகச் சந்தைக்கு வரும் சோயாவில் அது பாதிக்கு மேல். எங்கள் கோழிக்காரர் வாங்கும் தீன் மூட்டையிலும் சோயாப் பிண்ணாக்குத்தான். அங்கே தட்டு மாற இங்கே முட்டை விலை அசையும். அதற்காக அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் தின்னலாம், அவர்கள் தின்னக்கூடாதோ?

மாஸ்டர், தொழிலுக்குப் போற எங்களுக்கு மண்ணெண்ணெய் இந்த விலைக்கு வந்ததும் இதாலயோ? (குருநகர் மீனவர்)

முழுக்க இல்லை, அண்ணை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. உக்ரைன் போரால் உலக விலை ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அரசு தாங்கிவந்த மானியம் போனது. அதற்கு முன்பே, வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டுவிட்டது. கரையில் மீன் ஏலம் கூறுவதை நினையுங்கள். ஆள் கூடினால் விலை ஏறும். ஆள் கூடின நேரம் பார்த்து உங்கள் மடியில் இருக்கிற காசும் பாதிக்குக் கிட்ட உருகிப்போனால்? என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி எங்கள் ரூபா, அடுத்ததுதான் உலகம்.

நான் வெங்காயம் செய்கிறன். எண்ணெய் ஏற உரமும் ஏன் ஏறுது? (கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர்)

யூரியா என்பது மணியாக்கின எரிவாயு. எரிவாயுவிலிருந்து ஐதரசனை எடுத்து, காற்றிலுள்ள நைதரசனோடு சேர்த்து அமோனியா, அதிலிருந்து யூரியா. 2021இல் எரிவாயு விலை எகிற, ஐரோப்பாவில் உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அதே வருடம்தான் இங்கே இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள்! நவம்பரில் தடையை எடுத்தபோது உலக விலை எட்டாத உயரம்.

அப்புறம் இறைப்பு. என் மாமாவின் மெசின் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூடியளவு பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த மூடிப் பெற்றோலைச் சின்ன மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருந்தார். இடையில் மெசின் சத்தம் நின்றால் வீட்டில் எல்லாரும் தலைநிமிர்ந்து பார்ப்போம்.

மறுபக்கமும் உண்டு. 1970களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்த, உள்ளூர் விளைச்சலுக்கு விலை ஏறி, எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். அதே காலம் பாணுக்கு நாடே வரிசையில் நின்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதிக்குக் கதவு திறக்க, வெங்காயக் காசும் போய்விட்டது.

சோளத்தையும் பாம் எண்ணெயையும் வாகனத்துக்கு ஊற்றுகிறார்களாமே? (தபாற்கந்தோரில் வேலை செய்யும் தம்பி)

ஓம். அமெரிக்கச் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனோல் ஆலைக்குப் போகிறது. சக்கை மாட்டுத் தீனாகத் திரும்பும், அது வேறு கதை. இந்தோனேசியா தன் டீசலில் நூற்றுக்கு 40 பங்கு பாம் எண்ணெய்வழி எரிபொருள் கலக்கும் திட்டத்தை 2025இல் தொடங்கியது. எனக்கு இதில்தான் கோபம். முன்பு இரண்டு சந்தையாக இருந்தது ஒன்றாகிவிட்டது. பெற்றோல் விலை ஏறினால் வயலில் விளைந்ததைத் தாங்கிக்குள் ஊற்றுவதில் இலாபம் கூடும். லொறியும் எங்கள் தாச்சியும் ஒரே எண்ணெய்க்குப் போட்டி போடும். அதே இந்தோனேசியா 2022 ஏப்ரலில், தன் சனத்துக்குப் பொரிக்க எண்ணெய் இல்லையென்று பாம் எண்ணெய் ஏற்றுமதியை மூன்று கிழமைக்கு மேல் நிறுத்தியதும் நடந்தது.

எண்ணெய் முடிந்துபோகுமோ?

இப்போதைக்கு இல்லை. உலகம் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடிப் பீப்பாய் எரிக்கிறது. அது முடிய முன்னம் விலை உங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிடும்.

பாணை விட்டுப் பழையபடி ஒடியலுக்கு, அதுதான் காயவைத்த பனங்கிழங்குக்கு, போனால் என்ன? (முன்வரிசை அம்மா)

நல்லதுதான். நாங்கள் தின்னும் கோதுமை முழுக்கக் கப்பலில் வருவது. மைசூர்ப் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்தது. இடியப்பத்துக்கு அரிசி மாவைப் பிடித்தாலே கொஞ்சம் தப்பலாம். ஆனால் ஒடியல் மா என்ன விலை என்று அண்மையில் கேட்டீர்களோ, அம்மா? கனடாவிலும் லண்டனிலும் எங்கள் சனம் கூழுக்கு ஆசைப்பட, அது பார்சலாய்ப் போகிறது. "நானும் மகளுக்கு இரண்டு கிலோ அனுப்பினனான்" என்றார் அம்மா, மெல்ல.