வார்டுக்கும் வீட்டுக்குமாக அலையும் அம்மா

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கும் என் அம்மாவுக்கு 54 வயது. கடுமையான ஆஸ்துமா. பனிக்காலம் வந்தாலே ஆஸ்பத்திரிதான். அங்கே ஒரு பெட்டில் இரண்டு பேர். சில ராத்திரி தரையில் பாய். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மூச்சு சீரானதும் அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் திணறல். இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது என்று லைன் வீட்டில் எல்லோரும் சொல்வதால், முடியாதபோது மட்டும் நீலப் பம்பை அடித்துக்கொள்கிறார். என்ன செய்வது?
– ஒரு மகள், கோத்தகிரி

பதில்: கண்ணு, மலையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உன் தவிப்பு எனக்குப் புரிகிறது.

நெபுலைசரும் நீலப் பம்பும் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துக் கொடுக்கும். உள்ளே உள்ள வீக்கம் அப்படியே இருக்கும். அதை வற்ற வைப்பது தினமும் இழுக்கவேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர். அம்மாவுக்கு அது இல்லாததால்தான் இந்த அலைச்சல் என்று எனக்குப் படுகிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதே. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல். நீலப் பம்பை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. 200 முறை அடிக்கக்கூடிய அந்தப் பம்பு வருஷத்துக்கு 3 தீர்ந்தாலே நோய் கட்டுக்குள் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று அடுத்த நோயாளி வராந்தாவில் காத்திருப்பார், எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். அப்படியே கிளம்பிவிடாதே. தினசரி இன்ஹேலர் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பார், ஸ்பேசர் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) கேள், சிஸ்டர் முன்னால் அம்மாவை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல். பலருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், மூச்சு லேசானதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போடவேண்டும். ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் மறுபடி காட்டு. தினமும் ஒழுங்காக இழுத்தும் அட்மிஷன் தொடர்ந்தால், நுரையீரல் நிபுணரிடம் அனுப்பும்படி நீயே கேள்.

குளிருக்குக் குமுட்டியில் கரி போட்டுக் கதவைச் சாத்துகிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். அந்தப் புகை அம்மாவுக்கு ஆகாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்துவிடும். இன்னொன்று: கூடை சுமந்த முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் ஆஸ்துமாக்காரர் சிலருக்குத் திணறலைக் கிளப்பிவிடும். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

வார்டில் பாய்தான் கிடைத்தாலும் படுக்கவிடாதே, சுவரில் சாய்த்து உட்கார வை. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ சிஸ்டரிடம் ஓடு. இழுப்புச் சத்தம் நின்றும் திணறல் தொடர்ந்தால் அது எல்லாவற்றையும்விட மோசம். காற்றே உள்ளே போகவில்லை. சத்தம் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டமாக இருக்கிறதே என்று கூச்சப்படவே கூடாது.

வீட்டில் இப்படி ஆனால் உடனே 108. வண்டி வரும்வரை ஸ்பேசரில் நீலப் பம்பை ஒவ்வொரு அடியாக, 4 முதல் 10 அடிவரை, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கொடு. வளைவுப் பாதையில் வண்டி ஏறிவர நேரம் பிடிக்கும். பம்பு கேட்கவில்லை என்று தெரிந்ததுமே போன் போட்டுவிடு.